ஐப்பசியில் சிவந்த மாந்தோப்பு

வேப்பனப்பள்ளிக்கு மேற்கே குன்றுச் சரிவில் இருக்கும் மணிவேலின் மாந்தோப்பு, ஐப்பசி மாதத்து ஒரு சனிக்கிழமை சிவந்துபோனது. மாமரம் இலையுதிர்க்கிற சாதி இல்லை. முற்றின இலை ஒன்றிரண்டு விழும், தோப்பு பச்சையாகவே நிற்கும். அன்று காலை எல்லா மரமும் உச்சியில் குங்குமமும் நடுவில் மஞ்சளும் அடியில் துருவுமாக நின்றன. தக்காளி விலை ஏறியிருந்த வாரம் அது. அதனால் ஊர் முதலில் தக்காளியைப் பேசிவிட்டுத்தான் தோப்புக்கு வந்தது. மணிவேலின் மனைவி மேகலா மட்டும் வரப்பிலேயே நின்றாள். இது நல்லதுக்கில்லை என்று அவளுக்கு அப்போதே பட்டது.

மாமரம் ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் சோம்பிக் கிடக்கும். அப்படிக் கிடக்க விடாமல், புரட்டாசியில் அடிமரத்தைச் சுற்றி வட்டமாகக் குழி பறித்துப் பூ மருந்து ஊற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் ஊற்றின மறுவருஷம் விட்டுவிடுவார்கள். மணிவேல் வருஷம் தவறாமல் ஊற்றினான், அளவையும் கூட்டினான். பேராசைக்காரன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி, ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, பார்க்கச் சொல்லி மாட்டேன் என்றவனை அங்கே மறுமாதம் கூப்பிட மாட்டார்கள். தீபாவளிக்கும் ஷிப்ட், மாமனார் காரியத்தன்றும் ஷிப்ட். தனக்கில்லாத ஓய்வு மரத்துக்கு எதற்கு என்று நினைத்தானோ என்னவோ.

பெங்களூரிலிருந்து கார்கள் வந்தன. குளிர்தேசத்து மலைகளில் போய்ப் பார்க்கவேண்டிய காட்சி கூப்பிடு தூரத்தில் கிடைத்தால் யார் விடுவார்கள்? கன்னடத்திலும் தெலுங்கிலும் வியந்தார்கள், உதிர்ந்த இலையை வாரித் தலைக்கு மேல் வீசிப் படமெடுத்துக்கொண்டார்கள். பாதையோரம் சுட்ட சோளம் விற்றவர்களுக்கு நல்ல வியாபாரம். சாவு வீட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பார்ப்பதுபோல மேகலா அவர்களைப் பார்த்தாள்.

மறுநாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய மணிவேல் நேரே தோப்புக்குப் போய், ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தான். அவனுடைய காது மடல்கள் சிவந்தன. பொழுது ஏறுவதற்குள் கன்னம் மஞ்சளானது. பிறகு தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் வலியில்லாமல் உதிர்ந்தன. தோப்பிலேயே கயிற்றுக் கட்டிலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து அழைத்துவந்த டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, "நோவு ஒண்ணுமில்லம்மா, தூங்குறாரு" என்றார். பார்க்க வந்தவர்கள் அவனையும் படமெடுக்கத் தொடங்கவே, மேகலா கட்டிலைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டினாள். அடுத்த ஞாயிறு சேலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

கார்த்திகையில் சூப்பர்வைசர் சிவராஜ் போன் செய்தான். "தங்கச்சி, இந்த வாரம் ஆள் வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்புறம் என்னக் கேட்டுப் புண்ணியமில்ல."

"கூப்ட்டா எழுந்திரிக்க மாட்டேங்கறாருண்ணா. நான் என்னா பண்ணட்டும்?"

வேலை போனால் குடும்பம் எதில் ஓடும் என்ற கவலை ஒரு பக்கம், இவன் கண்ணே திறக்காவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம். பூச்சிமருந்துக்கடை வெங்கட் அதற்கும் வழி வைத்திருந்தான். "மரத்தையே உலுக்கி எழுப்புற பூ மருந்து மனுசன எழுப்பாதா? ரெண்டு மூடி கலக்கிக் கால்ல ஊத்தும்மா." அவளும் வாளியில் கலக்கிக்கொண்டு போனாள். போர்வையை விலக்கினால், கம்பெனி ஷூ இறுக்கி இறுக்கிக் கணுக்காலைச் சுற்றி வட்டமாகத் தழும்பு, அடிமரத்துக் குழியைப்போலவே. மேகலா சத்தம்போட்டு அழுதாள். அழுது முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் கவிழ்த்தாள். சிவராஜின் போனை அதன்பிறகு அவள் எடுக்கவில்லை.

மாசியில் மொட்டை மரங்களில் செம்புநிறத் தளிர் வந்தது, பூ ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு மணிவேலும் எழுந்து உட்கார்ந்தான். தலையில் பூனைமயிர் முளைத்திருந்தது. "ஷிப்ட்டுக்கு நேரமாச்சா?" என்று கேட்டான்.

"உங்க எடத்துக்கு வேற ஆளு வந்தாச்சு. கஞ்சி குடிங்க."

வாங்கிக் குடித்தான். சித்திரையில் வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அடுத்த ஐப்பசியில் தோப்பு சிவந்தது, அவனும் சிவந்து போய்ப் படுத்தான். அவனோடு பஸ்ஸில் வந்த சிலரும் வந்து படுத்தார்கள். ஊர் பழகிக்கொண்டது. ஒப்பந்தக்காரர்கள் வேலைக்கு எடுக்கும்போதே, "நீ உதிர்ற ஆளா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். தூங்குகிறவர்கள்மேல் விழும் இலையைக் கூட்டவும், மழை வந்தால் தார்ப்பாய் போடவும், மாடு கன்றைப் பார்க்கவும், வேடிக்கைக் கூட்டத்தை விரட்டவும் மேகலா இருந்தாள்.

இந்த ஐப்பசியில் ஒருநாள் விடியலில், மாட்டுக்குத் தண்ணீர் வைத்த தொட்டியில் அவள் முகம் தெரிந்தது. இரண்டு காதும் சிவந்திருந்தன. விரல் நுனிகளில் மஞ்சள் ஏறியிருந்தது. தோப்பில் ஒரு கட்டில் காலியாகத்தான் கிடந்தது. அதை ஒரு பார்வை பார்த்தாள். தூங்குகிறவர்களில் யாரோ புரண்டு படுத்தார்கள். கீழே பாதையில் முதல் கார் ஹாரன் அடித்தது. மேகலா முந்தானையை இழுத்துக் காதை மூடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, பால் கறக்க உட்கார்ந்தாள்.