பதினேழை வலப்பக்கம் எழுதியவள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலியார்பேட்டையில் அடுத்த வீட்டு ஜெயம், வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலோடு நான் அந்தப் பக்கம் போனேன். (எந்த நாவல் என்பது இங்கே வேண்டாம். அதில் பனி கொட்டிக்கொண்டே இருந்தது என்பது போதும்.) வகுக்கும் எண்ணை எல்லோரும் இடப்பக்கம் எழுதுவோம். ஜெயம் வலப்பக்கம் எழுதினாள். அதன் அடியில் ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கீழே விடையை எழுதினாள்.

"என்னா ஜெயம், எல்லாம் இடம் மாறிக் கெடக்குது?"

"அக்கா இப்படித்தான் போடும்."

"அக்காவுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அது கிளாசுல சைகோன்லேருந்து ஒரு பொண்ணு வந்துச்சாம். அதுதான்."

அக்கா கல்யாணமாகிக் கடலூர் போய்விட்டாள். சைகோன் பெண்ணின் பெயர் ஜெயத்துக்குத் தெரியாது. ஆக, எனக்குக் கிடைத்தது ஒரு வகுத்தல் மட்டும். மற்றதெல்லாம் நானே கட்டியது. கட்டும்போது அடித்துத் திருத்திய இடங்களை மறைக்காமல் விட்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அந்தக் கப்பல் புதுச்சேரித் துறைமுகத்தை நோக்கி..."

வாக்கியத்தை அங்கேயே நிறுத்தினேன். புதுச்சேரியில் ஏது பனிமூட்டம்? அது நான் படித்த நாவலிலிருந்து ஒழுகியது.

இரண்டாவது: "அவள் கண்களில் ஒரு தூரதேசத்து நதி..."

இதுவும் வேண்டாம். அந்த நதியை நான் பார்த்ததில்லை. நகரத்தில் வளர்ந்த பெண், அவளும் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள்.

மூன்றாவதுதான் நிற்கிறது. 1956ஆம் வருடம். விழுப்புரத்தில் வண்டி மாறி வந்த ரோசா, கண்ணில் விழுந்த கரித்தூளைக் கசக்கிக்கொண்டே புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கினாள். அவளுக்குப் பதினோரு வயது. அப்பா சகாயநாதன் இந்த ஊர்க்காரர், சைகோன் சுங்க ஆபீசில் வேலை பார்த்தவர். அம்மா லான் அந்த ஊர்ப் பெண். அங்கேயும் பிரெஞ்சு வெள்ளைக்காரன் போய்க்கொண்டிருந்தான், இங்கேயும் போய்விட்டான். இரண்டு போதலுக்கும் நடுவில் அகப்பட்ட குடும்பம் அது.

பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னதற்கு சகாயநாதன் ஒரேயடியாக மறுத்தார். "அவன நம்பி ஒரு ஊர வுட்டுட்டு வந்தாச்சு. இனிமே தமிழ் படிக்கட்டும். இங்கதான இருக்கப்போறா?"

அப்பாவோடு பேசிப் பழகிய தமிழ் ரோசாவுக்குக் கொஞ்சம் வரும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆகவே முதலியார்பேட்டைப் பள்ளியில் அவளை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான பலகை. முழங்கால் முகவாய்க்கு வந்தது.

3

இனிமேல் சுலோசனாவின் பக்கத்திலேயே இருக்கப்போகிறேன். ரோசாவின் மனசுக்குள் நுழைய எனக்கு அவள் மொழி தெரியாது. சுலோசனா இருபத்திரண்டு வயது ஆசிரியை, திண்டிவனத்துப் பெண், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புதுச்சேரிக்கு அவளும் புதிது. கடைக்காரரை 'ஐயா' என்பதற்குப் பிரெஞ்சில் 'முசே' என்று கூப்பிடும் ஊரில் அவளும் முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.*

(* இவளை முதலில் வயதானவளாக, கண்டிப்பானவளாக எழுதினேன். அப்படிப்பட்டவளுக்கு வேடிக்கை பார்க்கும் குணம் வராது என்று தோன்றியது. இந்தக் கதைக்கு அந்தக் குணம்தான் வேண்டும்.)

ஐந்தாம் வகுப்பு அவளுடையது. ஆள் இல்லாத நேரத்தில் இரண்டாம் வகுப்பையும் பார்த்துக்கொண்டாள். அங்கேதான் ரோசாவைக் கவனித்தாள். கேள்வி கேட்டால் போதும், ரோசா ஒரு விரலைத் தூக்குவாள். அவள் பழைய பள்ளியில் விடை தெரிந்தவர்கள் அப்படித்தான் தூக்க வேண்டும். இங்கே ஒரு விரல் தூக்கினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

"போயிட்டு வா" என்பாள் சுலோசனா.

ரோசா எழுந்து போவாள். வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள். அடுத்த கேள்வி. மறுபடியும் விரல். மறுபடியும் வேப்பமரம்.

"டீச்சர், இதுக்கு வயிறு சரியில்ல டீச்சர்" என்றான் பக்கத்தில் இருந்த காத்தவராயன், மிகுந்த கவலையோடு.

இந்த ஊரில் விடை தெரிந்தவர்களை மரத்தைச் சுற்றி வரச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று ரோசா நினைத்துக்கொண்டிருந்தாள். அதைச் சுலோசனா தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. அன்று சுலோசனா சிரித்தாள், ரோசாவும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் சுலோசனாவுக்கு ஒரு யோசனை ஓடியது. அப்படியானால் அத்தனை கேள்விக்கும் இவளுக்கு விடை தெரிந்திருந்ததா?

4

சோதித்துப் பார்க்க ஒரு தாளில் ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்குகளைக் கொடுத்தாள். முதல் கணக்கு, 714ஐ 17ஆல் வகு.

திரும்பி வந்த தாளைப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. ஏழு என்ற எண்ணை எழுதி, எழுதிய இடத்திலெல்லாம் நடுவில் அடித்திருந்தது. அடிக்காத ஏழுகளும் இருந்தன. விடை வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நடுவில் பெருக்கி எழுதிக் கழித்த வரிகளே இல்லை. சுலோசனா எல்லாவற்றுக்கும் சிவப்பில் தப்புப் போட்டாள்.

(இந்த இடத்தில் ரோசா அழுதாள் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். இரண்டாவது தாளில் அதையே, அதே மாதிரி, இன்னும் பெரிதாக எழுதி நீட்டினாள் என்பதுதான் அவளுக்குப் பொருந்துகிறது.)

இரண்டாவது தாளில் பதினேழின் அடியில், கோட்டுக்குக் கீழே, 42 என்று இருந்தது. சுலோசனா பதினேழை நாற்பத்திரண்டால் பெருக்கினாள். 714. அடுத்த கணக்கையும் பெருக்கிப் பார்த்தாள். சரி. அதற்கடுத்ததும் சரி. எல்லாக் கணக்கிலும் விடை இருந்தது. அவள் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அடித்த மாதிரி இருந்ததுதான் அவளுடைய ஏழு. அடிக்காத ஏழு மாதிரி மூக்கு வைத்திருந்தது அவளுடைய 1. கழித்தல் எல்லாம் மனசுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

பார்த்து எழுதியிருப்பாளோ? யாரைப் பார்த்து? காத்தவராயனுக்கு இன்னும் பத்தைத் தாண்டவே வரவில்லை.

5

தலைமையாசிரியர் கலியபெருமாள் தாளைக் கையில் வாங்கினார். சீக்கிரம் திருப்பித் தரவில்லை.

"சார், இந்தப் பொண்ணு கணக்கெல்லாம் சரியா போடுது சார்."

"தெரியும் டீச்சர்."

"பாத்தீங்களா?"

"பாத்ததும் தெரிஞ்சிபோச்சு. நானும் இப்படித்தான் படிச்சேன். ஏழுக்குக் குறுக்குக் கோடு போடலன்னா கன்னத்துல வுழும்." தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"அப்பறம் ஏன் சார் ரெண்டாங்கிளாசுல..."

"வெள்ளைக்காரன் போயி ரெண்டு வருசம்கூட முழுசா ஆவல. என்னை மாதிரி அவன்கிட்டப் படிச்ச வாத்தியாருங்கள ஏற்கெனவே ஒரு மாதிரி பாக்கறாங்க. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வராரு. வந்து போர்டப் பாத்தா என்னா நெனப்பாரு? நாமதான் இன்னும் சொல்லிக்குடுக்கறோம்னு நெனப்பாரு."

அன்று சாயங்காலமே சகாயநாதனும் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டே பேசினார்.

"டீச்சரம்மா, தெருவுல 'ஒட்டகம் வருது, ரெண்டாங்கிளாசு ஒட்டகம்'னு கத்தறானுங்க. அவ சோறே துண்ணறதில்ல. அடுத்த வாரம் வரைக்கும் பாப்பேன். வயசுக்கேத்த கிளாசுல ஒக்கார வெக்கலன்னா வீட்டோட நிறுத்திடுவேன். அவ அம்மாகூட தையல் தைக்கட்டும்."

மறுநாள் கலியபெருமாள் பாதி இறங்கி வந்தார். ரோசா ஐந்தாம் வகுப்பில் உட்காரலாம். ஆனால் வருடத்தின் நடுவில் இரண்டிலிருந்து ஐந்துக்கு ஏற்ற வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குள் அவள் இந்த ஊர் மாதிரி வகுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

6

சுலோசனா அந்தப் பொறுப்பை அஞ்சலாட்சியிடம் கொடுத்தாள். வகுப்பில் கெட்டிக்காரி, வாயும் அதிகம். (ஜெயத்தின் அக்கா இவளாக இருக்கலாம். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.) மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிலேட்டும் பலப்பமுமாக இருவரும் உட்கார்ந்தார்கள். சுலோசனா ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினேழ இந்தப் பக்கம் வைக்கணும்டி. நீ ஏன் அம்போன்னு அந்தப் பக்கம் வுடற?"

"அம்போ இல்ல. வீடு."

"என்னா வீடு?"

"கோடு போட்டா வீடு. பதினேழு மாடியில. விடை கீழ. சைகோன்ல அப்படித்தான், மாடியில முதலாளி, கீழ நாங்க."

அஞ்சலாட்சி சிரித்தாள். "முதலாளிய மேல வெச்சி நீங்க கீழ பொரட்டி எடுத்தீங்களா? எங்க, ஒரு வீடு கட்டு பாக்கலாம்."

அதுவரை எட்டி நின்று 'சைனாக்காரி, சைனாக்காரி' என்று பாடிக்கொண்டிருந்த கன்னியப்பன் கிட்டே வந்தான்.

"இதுல கழிக்கவே வேணாமா?"

"கழிக்கணும். இங்க." ரோசா நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

"அட, அப்ப சிலேட்டு அழுக்காவாதுடா!"

கற்றுக்கொடுக்கப் போனவர்கள் கற்றுக்கொண்டு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் சுலோசனா வகுத்தல் கணக்குக் கொடுத்துவிட்டு நடந்து வந்தபோது, வரிசை வரிசையாகச் சிலேட்டுகளில் மாடி வீடுகள் எழும்பியிருந்தன. ஏழுகளுக்கெல்லாம் இடுப்புக் கயிறு. கன்னியப்பன் எட்டுக்கும் ஒன்று கட்டியிருந்தான். ரோசா ஒருத்திதான் சொன்ன சொல்லைத் தட்டாமல் பதினேழை இடப்பக்கம் வைத்து, பெருக்கி எழுதி, கழித்து, வழியில் எங்கோ ஒரு எண்ணைத் தொலைத்துவிட்டு நின்றாள். விடை தப்பு.

வாசலில் கலியபெருமாள். "ஒரு பொண்ண மாத்தச் சொன்னேன் டீச்சர். கிளாசயே மாத்தி வெச்சிருக்கீங்க!"

"நான் மாத்தல சார்."

"நாளைக்கு அந்தப் பொண்ணு மட்டும் போர்டுக்கு வரட்டும். நம்ம மாதிரி போட்டா ஏத்திடலாம். வேற மாதிரி போட்டா நான் பதில் சொல்லணும், நீங்களும் சொல்லணும். ஒங்க வேலை இன்னும் உறுதியாவல, ஞாபகம் இருக்கட்டும்." அதட்டலாக இல்லை, கெஞ்சலாகவே இருந்தது.

7

மறுநாள். நான் இன்ஸ்பெக்டரைக் கொடியவராக எழுதவில்லை. எழுதப் பார்த்தேன், வரவில்லை. வெயிலில் வந்த மனிதர். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, "இந்தப் பொண்ணுதானா? வாம்மா, பயப்படாத" என்றார். அவரே கணக்கைச் சொன்னார். 851ஐ 37ஆல் வகுக்க வேண்டும்.

ரோசா சாக்பீஸை வாங்கிக்கொண்டு போர்டின் முன் நின்றாள். வாசலுக்கு வெளியே கலியபெருமாள் நின்றார். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள்.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் வந்தன.

அ. ரோசா இந்த ஊர் மாதிரிப் போடுகிறாள். எந்த எண்ணும் தொலையவில்லை. 23. இன்ஸ்பெக்டர் கைதட்டுகிறார். இதை ஒரே மூச்சில் எழுதி, நல்ல தாளில் படியெடுத்து, படித்துப் பார்த்துக் கிழித்தேன். நேற்றுவரை தப்பாக வந்தது இன்று சரியாக வருவதற்கு என் ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆ. அவள் தன் மாதிரியே போடுகிறாள். இன்ஸ்பெக்டர் முகம் சுளிக்கிறார். சுலோசனா எழுந்து ஒரு பக்க நீளத்துக்குப் பேசுகிறாள். நான் படிக்கும் நாவல்களில் இந்த இடத்தில் யாராவது பேசுவார்கள், வெளியே பனி பெய்யும். பேச்சு நன்றாகவே வந்தது. ஆனால் அதில் ஒரு சொல்கூடத் திண்டிவனத்துப் பெண்ணின் வாயிலிருந்து வருவதாக இல்லை.

இ. கலியபெருமாள் உள்ளே வருகிறார். "நானும் அப்படிப் படிச்சவன்தான் சார், போடட்டும்" என்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எத்தனை முறை எழுதியும் மனிதர் நிலைப்படியைத் தாண்ட மறுக்கிறார். ஒரு கால் உள்ளே வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். ஒரு காலையாவது வைத்தாரே என்று அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

நான் எழுதாமலேயே நடந்தது ஒன்று உண்டு. ரோசா போர்டில் எதையும் எழுதவில்லை. திரும்பினாள். ஒரு வாரமாக ஐந்தாம் வகுப்பில் பேசிப் பழகிய தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"டீச்சர், எந்த மாதிரி போடட்டும்?"

இன்ஸ்பெக்டர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுலோசனாவைப் பார்த்தார். "எந்த மாதிரின்னா? எத்தனை மாதிரி இருக்குது?"

அவர் குரலில் கோபம் இருந்ததா, தெரிந்துகொள்ளும் ஆசை இருந்ததா? நான் பலமுறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டேன். பிடிபடவில்லை. சுலோசனாவுக்கும் பிடிபடவில்லை. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு மாதிரி போட்டால் விடை சரியாக வரும், ஆனால் ஏற்றுக்கொள்வார்களா தெரியாது. இன்னொரு மாதிரி போட்டால் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் விடை சரியாக வருமா தெரியாது. நாளைக்கு ரோசா இந்த வகுப்பில் இருப்பாளா, தையல் மெஷின் முன் இருப்பாளா என்பது அடுத்த சொல்லில் இருக்கிறது.

அந்தச் சொல்லை எழுத நான் மறுக்கிறேன். போர்டுக்கு முன்னால் நின்று அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உங்களில் யாரையாவது கேட்டிருக்கலாம். இனிமேல் கேட்கலாம். சுலோசனாவின் நாற்காலியை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். உட்காருங்கள். ரோசா காத்துக்கொண்டிருக்கிறாள். சாக்பீஸ் வியர்வையில் நனைந்து அவள் விரலெல்லாம் வெள்ளை.

சொல்லுங்க, டீச்சர்.