ஒற்றைத் தண்டுக் காகிதப்பூ

வீட்டை இரண்டாகப் பிரித்தபோது காகிதப்பூக் கொடியின் வேர் இளையவள் பங்கிலும், அது படர்ந்திருந்த சுவர் மூத்தவள் பங்கிலும் விழுந்தன. ஓரகத்திகள் இருவருக்கும் அதற்கு முன்பே முகம் பார்த்துப் பேச்சில்லை. வெள்ளையடிக்க ஆள் வந்த அன்று மூத்தவள் வாசலில் நின்று பொதுவாகச் சொன்னாள்.

"என் செவுத்துல ஒரு இலை பட்டாலும் வேரோட புடுங்கிடுவேன். அப்புறம் சொல்லலையேன்னு யாரும் வரக்கூடாது."

இளையவளின் கணவன் வழக்கம்போல நழுவப் பார்த்தான். "வெட்டிப் போட்டுடலாமே. ஒரு செடிக்காக எதுக்கு வம்பு?"

"உங்க அண்ணி இப்படிச் சொன்னதுக்காகவே அது இருக்கும். செவுறு இல்லாமலே நிக்கும்."

அவள் தையல் கடையில் வேலை பார்ப்பவள். போகும் வழியில் ஒரு மருத்துவமனை வாசலில் காகிதப்பூ மரமாகவே நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்த தோட்டக்காரரை நிறுத்தி, எப்படி என்று கேட்டுக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே கொடியைச் சுவரிலிருந்து பிய்த்து இறக்கினாள். நேராக இருந்த ஒரே ஒரு தண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடியோடு வெட்டினாள். கொல்லையில் கிடந்த இரும்புப் பைப்பைத் தண்டுக்குப் பக்கத்தில் அடித்து இறக்கி, கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளால் இறுக்காமல் கட்டினாள்.

பக்கவாட்டில் துளிர்த்ததையெல்லாம் அவ்வப்போது கிள்ளி எறிந்தாள். தண்டு தன் தலைக்கு மேல் போனதும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நுனியை வெட்டினாள். அதற்குப் பிறகுதான் உச்சியில் நாலா பக்கமும் கிளை பிரிந்தது. முள் கிழிக்காத விரல் இல்லை. "வீட்ல பூனை வளக்கிறியா?" என்று கடையில் கேட்டார்கள்.

மூத்தவள் சும்மா இருப்பாளா? மாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் காற்றிடம் பேசுவாள். "கொடிய நிக்க வைக்கிறாளாம். கட்டின புருஷனையே நிக்க வைக்கத் துப்பில்ல."

இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை அதிகம் எரித்தது.

அடுத்த வருஷம் காற்றும் மழையும் தொடங்கிய வாரம், ஒரு சாயங்காலம் அவள் திரும்பியபோது பைப்பைக் காணோம். கட்டுகள் அறுபட்டு, தண்டு தலையோடு சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. கணவன் படியில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டான். பைப்பு பொதுச் சொத்தாம். பிரிக்கும்போது விட்டுப்போச்சாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? அப்பா வாங்கினதுதானே."

அவள் பார்த்த பார்வையில் அவன் தானாக எழுந்தான். "வந்து புடிங்க," என்றாள். கொட்டும் மழையில் அவன் தண்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பரண் ஏறும் மர ஏணியைச் சுத்தியலால் உடைத்து, அதன் ஒரு காலை நட்டுக் கட்டினாள்.

"இது எங்க அப்பா வாங்கிக் குடுத்த ஏணி. எவன் கேட்டு வரான்னு பாக்கறேன்," என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஒரு பக்கக் கிளைகள் காய்ந்து போயின. மற்றவை பிழைத்தன. தண்டு மணிக்கட்டைவிடப் பருத்த பிறகு ஏணிக்காலை அவளே பிடுங்கிவிட்டாள். மரம் ஆடியது, சாயவில்லை. அந்தக் கோடையில் இலை தெரியாமல் பூத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மூத்தவளின் சம்பந்தி வீட்டாரும் வந்து பார்த்து வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

பூ ஓய்ந்ததும் அவள் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். கேட்டைத் திறந்துகொண்டு மூத்தவள் வந்தாள்.

"ரெண்டு குச்சி குடு. சம்பந்தியம்மா கேட்டாங்க, தரேன்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

"கீழ கெடக்கிற குப்பையத்தானே கேக்கறேன்."

"குப்பைதான்க்கா. அதான் எரிக்கப் போறேன்."

நட்டால் வேர்விடும் குச்சிகள் காலடியில் குவியலாகக் கிடந்தன. மூத்தவள் எடுக்கப் போவதுபோல் குனிந்தாள். இளையவள் குவியலின்மேல் காலை வைத்தாள்.

"நல்லா இரு," என்றாள் மூத்தவள். சாபம் விட்ட குரலில் சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தாமலே போனாள்.

பச்சைக் குச்சி லேசில் பற்றவில்லை. காகிதம் திணித்து, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தாள். கணவன் ஜன்னலைச் சாத்த வந்தவன் தயங்கினான்.

"புகை அண்ணன் வீட்டுக்குள்ள போகுது."

"போகட்டும்," என்றாள்.