ஓடை வரைக்கும் வட்டப்பாதை

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. புனேத் தமிழர்கள் சிலர் பொங்கல் மலர் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லி, "குடும்பத்தோட போய் வர்ற மாதிரி ஒரு இடம், ரெண்டு பக்கம் போதும்" என்று என்னிடம் கேட்டார்கள். தளேகாவ் பக்கத்துக் குன்று ஒன்றைச் சுற்றிவரும் பாதையை எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஸ்டேஷனில் இறங்கி வயல்வெளியைக் கடந்து, குன்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். முதலில் இடிந்த காவல்மாடம். பிறகு பாறையைக் குடைந்த குகை, உள்ளே சிவலிங்கம், ஒரு சுனை. அப்புறம் தேக்குமரங்கள். அப்புறம் சுனையிலிருந்து இறங்கி வரும் ஓடை. அதைத் தாண்டினால் ரயில்பாதை போடுவதற்காக வெள்ளைக்காரர்கள் கல் உடைத்த பள்ளம், மறுபடி ஸ்டேஷன். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

ஓடையை எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. (நான் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். ஆனால் நிற்பது என்றால் பேனாதான் நிற்க வேண்டும்.) அந்தக் கரையில் இரண்டு பெண்களை நிறுத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு கட்டுரை கெட்டது.

குன்றின் பெயரைச் சொல்ல மாட்டேன். தேடிக்கொண்டு போகாதீர்கள். பாதி கற்பனை, எந்தப் பாதி என்பதில் எனக்கே இப்போது உறுதியில்லை.

2

முதல் தொடக்கம்: "சஹ்யாத்ரியின் மடியில் துயில்கொள்ளும் —" அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிப்பதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "கிருஷ்ணப்ரியாவுக்குத் தனிமை என்பது ஒரு —" ஒரு என்ன? அவள் தனியாக இருந்தாள், அவ்வளவுதான்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். 2004இல் கிருஷ்ணப்ரியா கணவன் மனோஜின் வேலைக்காகக் கோயமுத்தூரிலிருந்து புனே பக்கத்து நிக்டிக்கு வந்தாள். கோயமுத்தூரில் அவள் பார்த்த வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. இங்கே வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. இந்தி தட்டுத்தடுமாறி வரும், மராட்டி சுத்தமாக வராது. காய்கறிக் கடையில் விரலை விரலைக் காட்டிக்கொண்டிருந்தவளிடம் பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது:

"பாவ் கிலோ வேணுமா, ஆதா கிலோ வேணுமா? கால்னா பாவ், அரைன்னா ஆதா. வெரல காட்னா அவன் மூணு கிலோ போட்ருவான்மா."

அதுதான் லீலா. பக்கத்து ஊரான தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை பார்த்தவர். அன்றிலிருந்து காஸ் சிலிண்டர், பள்ளி அட்மிஷன், எந்த பஸ் எங்கே போகும் என்று எல்லாவற்றையும் கிருஷ்ணப்ரியாவுக்குச் சொல்லிக்கொடுத்தது லீலாதான். அந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே மனுஷி.

குன்றையும் லீலாதான் ரயில் ஜன்னலிலிருந்து காட்டினாள். ஆனால் அதைச் சுற்றி வர வேண்டும் என்று ஆசைப்பட்டவள் கிருஷ்ணப்ரியா. ஒரு பாதை எங்கே போய் முடிகிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நிக்டி குடியிருப்பில் பிற்பாடு பழக்கமான தமிழ்க் குடும்பங்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போவதாகச் சொல்லியும்விட்டாள். "வட்டப் பாதைங்க, ஒரு தடவ பாத்ததத் திரும்பப் பாக்க வேண்டாம்" என்று வீடு வீடாகச் சொன்னாள்.

3

அதற்கு முந்தின ஞாயிறு, இருவரும் ஒத்திகை பார்க்கப் போனார்கள். மழைக்காலம் முடிந்த சமயம். சரிவெல்லாம் சோன்கிப் பூ, மஞ்சளாக. காவல்மாடத்தின் கற்களை ஒட்டவைத்தது சுண்ணாம்பா வேறு ஏதாவதா என்று கிருஷ்ணப்ரியா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். குகைச் சுவரில் ஏதோ எழுத்து இருக்கிறது என்று அரைமணி நேரம் கண்ணைச் சுருக்கினாள். லீலா படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள்.

ஓடைக்கு வந்ததும் கிருஷ்ணப்ரியா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அக்கரை ஏறித் திரும்பினால் லீலா இந்தக் கரையிலேயே நிற்கிறாள்.

"வாங்க லீலாக்கா. கணுக்கால் அளவுகூட இல்லீங்க்கா தண்ணி."

"நா இத்தோட நிக்கறேன் ப்ரியா. வந்த வழியா ரிட்டன் போலாம், சல், வா."

"இவ்வளவு தூரம் வந்துட்டு யாராச்சும் திரும்புவாங்களா? அதா, ஸ்டேஷனே தெரியுது பாருங்க."

"நா தாண்ட மாட்டேன்."

"முட்டி வலிக்குதுங்களா? சரி, நீங்க மெதுவா வந்த வழில வாங்க. நான் இதை முடிச்சுட்டு ஸ்டேஷன்ல நிக்கறேன்."

கல்பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி ஏரியாகியிருந்தது. மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. வட்டம் மூடிக்கொண்ட சந்தோஷத்தில் கிருஷ்ணப்ரியா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு ஸ்டேஷனில் காத்திருந்தாள். லீலா வரவில்லை. வெகுநேரம் கழித்து போன் செய்தபோது, வேறு ஸ்டேஷனில் ஏறி வீட்டுக்கே போய்விட்டதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

4

(இந்த இடத்தில் எனக்கு லீலாமேல் சந்தேகம் வந்தது. காரணத்தை அங்கேயே சொல்லியிருக்கலாமே? முதல் பிரதியில் சொல்லத்தான் வைத்தேன். நீளமாக, விவரமாக, சுற்றுலாத் துறைப் பலகைபோலப் பேசினாள். லீலா அப்படிப் பேசுகிறவள் இல்லை. அடித்துவிட்டேன். இரண்டாம் பிரதியில் அவளுக்கு உண்மையாகவே முட்டி வலி கொடுத்துப் பார்த்தேன். கதையும் சேர்ந்து நொண்டியது.

எனக்குத் தோன்றுவது இதுதான். காய்கறிக் கடை முதற்கொண்டு கிருஷ்ணப்ரியாவுக்கு விளக்கிச் சொல்லிச் சொல்லி லீலாவுக்கு அலுத்திருந்தது. ஒரே ஒரு தடவை, தான் நின்றதற்காக மட்டும், கூட வந்தவளும் நின்றிருக்கலாம் என்று நினைத்தாள். இது என் ஊகம். லீலா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.)

5

தப்பைக் கிருஷ்ணப்ரியா தானாகத்தான் கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை சிஞ்ச்வட்டில் ஒரு சிவன் கோயிலுக்குப் போய், ஊரில் சுற்றுவது போலவே பிராகாரத்தைச் சுற்றினாள். பாதிச் சுற்றில் ஒரு குடும்பம் அவளுக்கு நேர் எதிராக வந்தது. ஒதுங்கினாள். அடுத்து இரண்டு பெண்கள், அவர்களும் எதிரே. எல்லோரும் தப்பாகச் சுற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் நின்று கவனித்தாள். அபிஷேகத் தண்ணீர் வெளியே வரும் கோமுகம்வரை போகிறார்கள், தாண்டாமல் திரும்பி வந்த வழியே வந்து, மறுபக்கமாகக் கோமுகத்தின் அந்த ஓரம்வரை போய் மறுபடி திரும்புகிறார்கள். முழு வட்டம் போடப் போனது அவள் ஒருத்திதான்.

சிவன் இருக்கும் குன்றே கோயில், சுனையிலிருந்து வரும் ஓடைதான் கோமுகம் என்பது உறைத்தபோது அவளுக்கு முகம் எரிந்தது. சாமிக்குப் பயந்து அல்ல. "முட்டி வலிக்குதுங்களா" என்று கேட்டதை நினைத்து.

ஆனாலும் தப்புக் கண்டுபிடிப்பதோடு விடுகிறவளா? தீர்வும் தேடினாள். கோயமுத்தூரில் கோயில் பூசை செய்யும் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டாள். தண்ணீரின்மேல் புல்லோ இலையோ போட்டு மறைத்துவிட்டால் தாண்டலாம், தோஷமில்லை என்றார் அவர். அன்று மாலையே தேஹு ரோட்டுக்குப் போய் லீலா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

6

லீலா டீ போட்டாள். கோபமாக இருந்தாலும் டீ போடுவாள்.

"மன்னிச்சுக்கங்க லீலாக்கா. எனக்குத் தெரியாதுங்க. இப்ப கேட்டுட்டேன், தேக்கெல போட்டுட்டுத் தாண்டலாமாங்க. சாஸ்திரத்துலயே இருக்குதாமா."

"அச்சா."

"அப்பறம் என்னங்க்கா? சாமி ஒத்துக்கும்."

"சாமி ஒத்துக்கும் ப்ரியா. நா ஒத்துக்கணும்ல?"

கிருஷ்ணப்ரியா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா அங்கதான் நிப்பாரு. நானும் சின்னப் பிள்ளையிலேர்ந்து நிக்கறேன். ஏன்னு கேட்டா எனக்கு மாலூம் இல்ல. தெரிஞ்சாதான் நிக்கணுமா?" டம்ளரைக் கழுவப் போட்டாள். "நா அங்க நின்னுகிட்டே இருந்தேன். நீ போய்க்கிட்டே இருந்த. ஒரு வாட்டி திரும்பிக்கூடப் பாக்கல."

"ஞாயித்துக்கிழம வருவீங்களா?"

"பாக்கலாம்."

7

ஞாயிறு வந்துவிட்டது. நிக்டி ஆட்கள் ஓடைக்கரையில் நிற்கிறார்கள். லீலா ரயிலில் வரவில்லை. என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்று: தேக்கிலைகளைப் பரப்புகிறார்கள், எல்லோரும் தாண்டுகிறார்கள், மனோஜ் போட்டோ எடுக்கிறான். பொங்கல் மலருக்கு ஏற்ற முடிவு. ஆனால் கிருஷ்ணப்ரியா போட்டோவில் சிரிக்க மறுக்கிறாள்.

இரண்டு: அவள் நாலு வார்த்தை பேசுகிறாள், எல்லோரும் நெகிழ்ந்து திரும்புகிறார்கள். கைதட்டல். இவ்வளவு தூரம் அவள் கைதட்டு வாங்கவா நடந்தாள்?

மூன்று: எதிர்க்கரையில், ஸ்டேஷன் பக்கமிருந்து, தேஹு ரோட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு லீலா வருகிறாள். இரண்டு அரைவட்டங்கள் தண்ணீரில் சந்திக்கின்றன. அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் நம்ப முடியவில்லை. லீலா மனசு மாற நான் ஒரு காரணமும் எழுதவில்லையே.

ஆகவே இவ்வளவு மட்டும்.

"இதுவரைக்கும்தாங்க நான் வர்றது" என்கிறாள் கிருஷ்ணப்ரியா. "தாண்டறவங்க தாண்டிக்கங்க. ஸ்டேஷன் அதா தெரியுது."

"ரவுண்டுன்னு சொல்லித்தானே ப்ரியா கூட்டிட்டு வந்தே?" என்கிறான் மனோஜ்.

"ஆமாங்க. சொன்னேன்."

சிலர் முணுமுணுக்கிறார்கள். பசி. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி இறங்குகிறார்கள். மனோஜும் போகிறான், இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு. பேச்சுச் சத்தம் கல்பள்ளத்துப் பக்கம் போய்த் தேய்கிறது.

அவள் நிற்கிறாள். முன்னால் போகிறவர்களுக்கு அது கொஞ்ச நேரம். நிற்கிறவளுக்கு எவ்வளவு நேரம் என்று இப்போதுதான் தெரிகிறது. அழுகை வருகிறது, அழுகிறாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறாள். பாதை ஒரு பாறையைச் சுற்றி வளைகிறது. வளைவுக்கு அப்பால் செருப்புச் சத்தம்.

அடிவாரத்துக் கிராமத்திலிருந்து யாராவது சுள்ளி பொறுக்க வரலாம். லீலாவும் வரலாம். நான் எழுதினால் லீலாவைத்தான் வரவழைப்பேன். எனக்கு அவ்வளவு இளகின மனசு. ஆனால் வருவதும் வராததும் லீலாவின் இஷ்டம். கதையை முடிக்கும் அவசரத்தில் அவளை நானும் ஒரு தடவை தாண்டிப் போக வேண்டாம் என்று பார்க்கிறேன்.

வளைவுக்கு இந்தப் பக்கமே நான் நின்றுகொள்கிறேன். நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.