சாப்பிட்டுத் தூங்கிய பயம்

அடைக்கலம் கேட்டு அந்த நாட்டுக்குள் நுழைபவர், தன் பயத்தையும் கையோடு கூட்டிவந்து விசாரணையில் காட்ட வேண்டும். பயம் நடுங்கினால் இருக்கலாம். நடுங்காவிட்டால் அடுத்த விமானம்.

தவயோகனின் பயம் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது கன்றுக்குட்டி அளவில், எலும்பும் தோலுமாக, ஓயாமல் உதறிக்கொண்டிருந்தது. வந்திறங்கிய முகாமில்தான் பிழை நடந்தது. அங்கிருந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள், நம்பி வந்த சீவனைப் பட்டினி போடுவதா என்று புட்டும் மீன்குழம்புமாய் மாறி மாறி ஊட்டிவிட்டார்கள். இப்போது அது விசாரணை அறையில், அவன் மடி நிறையக் கிடந்து குறட்டை விட்டது.

"இதுவா பயம்?" என்று கேட்டார் அதிகாரி.

மொழிபெயர்த்த புனிதமலர் அக்கா தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தார். "உந்தச் சீவனைப் பார்க்க எனக்கே நித்திரை வருது தம்பி. கெதியா எழுப்பும்!"

தவயோகன் கிள்ளினான். காதில் ஊதினான். சப்பாத்துக் கால்கள் நடந்துவரும் சத்தம் போல மேசையில் தட்டினான். பயம் புரண்டு படுத்தது. வேறு வழியில்லாமல், ஒருநாள் அவன் வீட்டுப் படலையில் வந்து நின்றவர்களின் குரலை அப்படியே எடுத்தான். நல்ல மரியாதையான குரல்.

"வீட்டுக்காரர் நிக்கிறாரோ? சின்ன விசாரணைதான். கூட்டிக்கொண்டு போய்க் கதைச்சிட்டு உடன விட்டிடுவம்."

பயம் கண்ணைத் திறக்காமலே, "அவர் ஊரில இல்லை" என்றுவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தது.

ஆனால் சொல்லை மட்டுமல்ல, குரலையும் மொழிபெயர்க்க வேண்டும் என்பது அங்கே விதி. அக்கா அதே இனிப்போடு அதிகாரியின் மொழியில் சொல்லி முடித்தார். மேசைக்கடியில் ஏதோ முட்டியது. அதிகாரியின் பயம் எழுந்து நின்றது. எருமை உயரம், ஒட்டிப்போன வயிறு. அது நடுங்கிய நடுக்கத்தில் பேனாக்கள் உருண்டு விழுந்தன.

"முதல்தரமான பயம்," என்றார் அக்கா.

அதிகாரி மறுக்கவில்லை. இப்போது அடைக்கலம் கேட்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அதைத் தருபவர் அந்த நாட்டில் வதியும் உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். ஆகவே முதலில் தவயோகனுக்கு வதிவிட முத்திரையைக் குத்திக் கொடுத்தார். பிறகு தன் பயத்தை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து நின்றார்.

தவயோகன் தூங்கும் தன் பயத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, போய் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சொல்லுங்கோ, எங்கயிருந்து வாறியள்?"

அதிகாரி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"இங்கயிருந்துதானாம்," என்றார் புனிதமலர் அக்கா. "முழுத்தூரமும் நடந்தே வந்தவராம்."