நெஞ்சுச் சூடு

"அவ தொடப்பிடாது! தாலியறுத்தவ நெஞ்சுல என் பேத்தியக் கெட்டி வச்சா அது வெளங்குமா?"

தாணம்மாள் போட்ட கூச்சலில், பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சபிதா கையைக் கழுவியபடி நின்றாள். புருஷன் விபத்தில் போன நாளிலிருந்து இந்தப் பேச்சு பழகிப்போனதுதான்.

அவள் தங்கையும் தாணம்மாளின் மருமகளுமான லேகாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, மாதம் திகையும் முன்னே அறுவை செய்து எடுத்த பெண் குழந்தை. காலையில்தான் செயற்கை மூச்சுக் குழாயை எடுத்திருந்தார்கள். குழாய் உரசித் தொண்டை வீங்கியிருந்தது. அழுதாலும் சத்தம் வரவில்லை. மூக்கில் காற்றுக் குழல் இருந்தும் அந்தப் பிஞ்சு இடையிடையே மூச்சுவிட மறந்துபோகும். உதடு நீலம் பாயும். நர்ஸ் ஜினிஷா உள்ளங்காலைச் சுண்டினால்தான் மூச்சு திரும்பும்.

"நெஞ்சோட சேத்து வச்சிருந்தா மூச்சு ஒரு சீருக்கு வரும். மறுபடி குழாய் போட்டா இந்தத் தொண்டை தாங்காது" என்று ஜினிஷா சொல்லிவிட்டாள்.

லேகாவோ தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தாள். தாணம்மாளுக்கு உடம்பெல்லாம் படை. அவளிடம் கொடுக்க முடியாது. அப்பன் ராஜகுமாரைக் கேட்டார்கள்.

"ஆம்பிள சட்டையக் கழத்திட்டு பிள்ளையக் கெட்டிட்டு இருக்கதா? நாலுபேரு சிரிப்பாவ" என்றான் அந்த மகராசன்.

அம்மா ஏவியதும், பக்கத்து வீட்டுக் கோமதியை அழைத்துவர இராஜாக்கமங்கலத்துக்கு வண்டியை விரட்டினான். மஞ்சள் பூசிய முகமும் தலை நிறையப் பூவுமாக, சுமங்கலி லட்சணம் ஒன்றும் குறையாமல் கோமதி வந்து இறங்கினாள். இறங்கியதும் அடுக்கடுக்காகத் தும்மினாள். ஜினிஷா வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"மஞ்ச பூசியிருக்கால்லா, சளி என்ன செய்யும்?" என்றாள் தாணம்மாள். அடக் கண்றாவியே!

அப்போது உள்ளே குழந்தையின் மூச்சைக் கண்காணிக்கும் கருவி அலறியது. இந்தத் தடவை உள்ளங்காலைச் சுண்டியும் மூச்சு வரவில்லை. ஜினிஷா மூச்சுப் பையை அழுத்திக் காற்றுக் கொடுத்த பிறகே குழந்தை அசைந்தது. பூவும் பொட்டும் தேடி இவர்கள் அலைந்த நேரத்தில் ஒரு உயிர் போயிருக்கும். சீ, இதுவும் ஒரு சம்பிரதாயமா!

சபிதா அதன் பிறகு யாரையும் கேட்கவில்லை. உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "குடுங்க சிஸ்டர்" என்றாள். குழந்தை தேறியதும் ஜினிஷா அதை அவள் மார்பில் வைத்துத் துணியால் கட்டினாள். விட்டுவிட்டு வந்த மூச்சு பையப் பைய சீரானது. கருவி அலறுவதும் குறைந்தது. சபிதா வாய்விட்டு அழுதாள்.

லேகா கண் திறந்த பிறகும், அவளுக்கு முடியாதபோதெல்லாம் அக்காள்தான் பிள்ளையைச் சுமந்தாள். பார்க்க வந்தவர்களிடம் தாணம்மாள் சொன்னாள்: "எல்லாம் நம்ம கோமதி வந்த ராசி."

வீட்டுக்கு அனுப்பும்போது, "வழியெல்லாம் பிள்ளை நெஞ்சுலயே இருக்கட்டும்" என்றாள் ஜினிஷா. லேகாவுக்கு இன்னும் தெம்பில்லாததால் சபிதாவே பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறினாள். கார் வீட்டு முன்னால் நின்றது. வாசலில் கோமதி ஆரத்தித் தட்டோடு நின்றாள். தாணம்மாள் கார் கதவைத் திறந்து குனிந்தாள்.

"ஏட்டி சபிதா, பிள்ளையக் கோமதிகிட்டக் குடுத்துட்டு நீ பின்வாசல் வழியா வா. மொதல்ல உன் மொகம் உள்ள வரப்பிடாது."

ராஜகுமார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சபிதா இறங்கி நேரே முன்வாசலுக்கு நடந்தாள். தாணம்மாள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"மாமி, மூச்சு தப்பின பொறவு இவளத் தாங்கின நெஞ்சு இது. இதுலயே கெடந்துதான் இவ உள்ள வருவா. வழி விடுங்க."

தாணம்மாள் அசையவில்லை. தட்டோடு நின்ற கோமதிதான் முதலில் ஒதுங்கினாள்.