எல்லோரும் சரி என்ற மூடி

ஜப்பானின் நகோயா தொழிற்சாலையில், பெரிய மேசைமேல் புதிய ரைஸ் குக்கர் நீர்யானைபோல வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதை வரைந்த கமேயாமா மூடியை அழுத்திப் பார்த்தார். மூடவில்லை. ஏறி உட்காரலாமா என்றுகூட யோசித்தார். தொப்பை எதற்காவது உதவட்டுமே.

இன்று மாலைக்குள் மூடாவிட்டால் இந்தக் குக்கரையே கைவிட்டுவிடுவார்கள். அவர் பழையபடி மின்விசிறிக்கு இறக்கை வரையப் போகவேண்டியதுதான்.

தப்பு அவருடைய பணிவில் இருந்தது. கூட்டத்தில் யாரும் முகம் சுளிக்கக்கூடாதென்று, ஊர் வழக்கப்படி முன்கூட்டியே ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே போய்க் குனிந்து, கேட்டதையெல்லாம் சேர்த்து, ஒப்புதல் முத்திரை வாங்கியிருந்தார். விற்பனைக்கு மெல்லிய மூடி. உற்பத்திக்குச் சுலபமாக மாட்டத் தடித்த ரப்பர் வளையம். பழுதுபார்ப்புக்குக் கழற்றக்கூடிய கீல். எல்லோரும் சரி என்றார்கள். குக்கர் மட்டும் சம்மதிக்கவில்லை.

"ஒரே பொண்ண மூணு வீட்டுக்குப் பேசி முடிச்சிருக்கீங்களே, கமேயாமா-சான்!" என்றார் மேசையைச் சுற்றிக் கூடியிருந்தவர்களில் விற்பனைப் பிரிவின் ஹதனாகா.

கமேயாமா நெற்றி மேசையில் இடிக்கக் குனிந்தார். "தப்பு என்னோடதுதான்."

திட்டத் தலைவி முரோய் கதவைச் சாத்தினார். "யாரும் அவங்கவங்க பிரிவுக்குப் போக வேணாம். இங்கயே பேசி முடிப்போம்."

சண்டை வரப்போகிறதென்று கமேயாமா தோளைக் குறுக்கிக்கொண்டார்.

உற்பத்திப் பிரிவின் ஒரிஹாரா வளையத்தைக் கழற்றி விரலால் நசுக்கினார். "வளையம் மெல்லிசா இருக்கட்டும். சுளுவா மாட்ட எங்க ஆளுங்களுக்கு ஒரு கருவி செஞ்சு தர்றேன்."

ஹதனாகா பெருமூச்சு விட்டார். "அப்போ மூடி கொஞ்சம் தடிக்கட்டும். கடைக்காரங்க திட்டுவாங்க. திட்டு வாங்கறது எனக்குப் புதுசா என்ன?"

"கீல் கழல வேணாம்," என்றார் பழுதுபார்ப்பின் செகாவா. "மூடியோட உள்தட்டு கழன்றா போதும், கழுவிடலாம்."

ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மாதம் அவரோடு மல்லுக்கட்டிய மனிதர்கள் இவர்கள். கேட்டு வாங்கியதை ஒவ்வொருவராக மேசைமேல் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பென்சிலுக்கு ஒருநாளும் பிடிபடாத ஓர் உருவம், யாருடையது என்று சொல்லமுடியாதபடி, அவர் கண்ணெதிரே எழுந்துகொண்டிருந்தது.

மாலையில் பட்டறையிலிருந்து புது மூடியும் வளையமும் வந்தன. மாட்டியதும் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நான் தனியா அழுத்த மாட்டேன். ஆளுக்கொரு விரல் வைங்க."

ஐந்து விரல்கள் அழுத்தின.

டக்.

கமேயாமாவின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. குக்கரை இன்னும் மின்சாரத்தில் சொருகவே இல்லை.