குருவி எடுத்த மண்

சிவப்புக் கயிற்றின் ஒரு முனையை வேலிக் கம்பில் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, என் மனைவி கையில் பூச்சுக் கரணையோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"சார், இது என்ன?"

"கூரை இறவானத்துல குருவி குஞ்சு பொரிச்சிருக்கு, மேடம். அதுங்க பறக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் சாரம் கட்டக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"அதைக் குஞ்சுங்ககிட்டதான் கேக்கணும்."

சுவரோரம் உட்கார்ந்து மண் சலித்துக்கொண்டிருந்த கொத்தனார் குலுங்கிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கரணையை என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள். போட்டாள் என்றுதான் சொல்கிறேன், எறிந்தாள் என்று சொல்லவில்லை. அலுவலக நேரத்தில் அவள் மிகவும் மரியாதையானவள்.

ஏரிக்கு நடுவில் இருக்கும் எங்கள் தீவு, பாதுகாக்கப்பட்ட பூங்கா. அதைக் காக்க இரண்டு பிரிவுகள். மரம், பறவை, மீன், தவளை எல்லாம் இயற்கை வளம். அது என் பொறுப்பு. மனிதன் கட்டியது, வெட்டியது, விட்டுவிட்டுப் போனது எல்லாம் பண்பாட்டு வளம். அது அவள் பொறுப்பு. இரண்டு பிரிவுக்கும் சேர்த்து ஒரே அறை, முதுகோடு முதுகாக இரண்டு மேசைகள். வேலை நேரத்தில் நான் அவளுக்கு சார், அவள் எனக்கு மேடம். சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டுக் குடியிருப்புக்கு நடக்கும்போது, வழியில் இருக்கும் தண்ணீர்க் குழாயைத் தாண்டியதும் நான் 'நீ' என்று ஆரம்பிப்பேன், அவள் 'என்னங்க' என்பாள். யாரும் போட்ட விதியில்லை, தானாக அமைந்தது. வீட்டுச் சண்டையில் எனக்கு 'மேடம்' என்று வாயில் வந்துவிட்டால் விவகாரம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அன்று குழாயைத் தாண்டியும் அவள் 'என்னங்க' என்று கூப்பிடவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. பூங்கா வருவதற்கு முன் தீவில் மீன்பிடிக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளில் மிஞ்சி நிற்பது நான் கயிறு கட்டிய இந்த வீடு ஒன்றுதான். மேல்பூச்சு கொட்டி, மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிட்டது. சிமென்ட் பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டுச் சுவர் ஊதிக்கொள்ளும். பழைய மாதிரி மண்தான் பூச வேண்டும். மழைக்கு முன் பூச்சு நிற்கும் என்று காட்டினால் சரி, இல்லாவிட்டால் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் படம் போட்ட பலகை ஒன்று வைத்துவிடலாம் என்று பெரிய அதிகாரி சொல்லிவிட்டார். வீடு போனால் தீவில் பண்பாட்டுப் பிரிவுக்கு என்ன வேலை? அவளைக் கரையில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

அந்த வாழ்க்கை எங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணமான புதிதில் அவள் கரையில், நான் தீவில். சனிக்கிழமைப் படகு வந்தால் குடும்பம், காற்று எழும்பிப் படகு நின்றால் தொலைபேசி. "மாப்பிள்ளை எங்க?" என்று யாராவது கேட்டால் என் மாமியார் ஏரியைப் பார்த்துக் கையை நீட்டுவாராம். மறுபடியும் சனிக்கிழமைப் புருஷனாக எனக்குத் துளியும் விருப்பமில்லை. அப்படி இருந்தும் அவள் சுவருக்குக் குறுக்கே கயிறு கட்டியது நான்தான். வேறென்ன செய்ய? இறவானத்தின் கீழே வரிசையாக மண் கூடுகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் வாயைப் பிளந்துகொண்டு குஞ்சுகள். தகைவிலான் குருவிகள், வால் இரண்டாகப் பிளந்திருக்கும், அந்தரத்திலேயே பூச்சி பிடித்துத் தின்னும். ஏரியைத் தாண்டி எங்கிருந்தோ வந்து, வருஷா வருஷம் இந்த ஒரு வீட்டைத்தான் தேடிப் பிடிக்கின்றன.

முன்சுவர் கிடைக்காததால் கொத்தனாரும் அவளும் பின்சுவரில் சோதனைப் பூச்சு பூசிப் பார்த்தார்கள். கரையிலிருந்து மூட்டை மூட்டையாக மண் வந்தது. செம்மண் வெடித்தது. களிமண் காய்ந்து பெயர்ந்து விழுந்தது. மணல் கூட்டிப் பார்த்தார்கள், கையால் தடவினாலே உதிர்ந்தது. கொத்தனார் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அந்த உறவை வைத்து என்னை மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டு, நினைத்ததைப் பேசும் உரிமையையும் எடுத்துக்கொண்டார்.

"மாப்ளே, தங்கச்சி முகத்தைப் பார்த்தீங்களா? சுவரைவிட அங்கதான் வெடிப்பு ஜாஸ்தி."

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு காலை அடித்த காற்றில், குருவிகள் கைவிட்ட பழைய கூடு ஒன்று கீழே விழுந்திருந்தது. உடையாமல் முழுசாக இருந்தது. பார்வையாளர்களுக்குக் காட்டலாம் என்று பத்திரமாக எடுத்து வந்து வீட்டு ஜன்னலில் வைத்தேன். மத்தியானம் சாப்பிட வந்தால் கூட்டைக் காணோம். அடுப்படி மேடையில் கண்ணாடிக் கிண்ணம் நிறையச் சேறு.

"என் கூடு எங்க?"

"இதோ," என்று கிண்ணத்தைக் காட்டினாள்.

"கரைச்சுட்டியா?"

"ஆமா."

"அது என்னோட கூடு, மேடம்!"

"உங்க கூடா? நீங்க வாயில மண்ணெடுத்துட்டு வந்து கட்டினீங்களா?"

அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். ஒரு கையில் சேறு, இன்னொரு கையில் சுவரிலிருந்து விழுந்த பழைய பூச்சுத் துண்டு. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். இரண்டிலும் பொடிப்பொடியாக நத்தை ஓட்டுச் சில்லுகள் மின்னின. இவள் இத்தனை நாளாகக் கரையிலிருந்து மண் இறக்கிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே குருவிகள் அசல் மண்ணைச் சுமந்துகொண்டு போயும் வந்துமாக இருந்திருக்கின்றன.

"இந்த மண்ணை எங்கேருந்து எடுக்குதுங்க?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். வடக்கே நாணல் காட்டுக்குள் ஒரு குட்டை இருக்கிறது. வந்த நாளிலிருந்து அங்கே யாரையும் கால் வைக்க நான் விட்டதில்லை. படகோட்டிகளோடு அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். இவளே ஒருமுறை பார்க்கணும் என்றபோது முடியாது என்றிருக்கிறேன். இப்போது அங்கே மண்வெட்டியோடு போவதா? அடுத்த வருஷம் குருவிகள் வந்து பார்த்துவிட்டு எங்கே போகும்? "பார்க்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். எதிரே அவள் கிண்ணத்துச் சேற்றை விரலால் கிளறிக்கொண்டிருந்தாள். நான் மறைக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"கிளம்பு," என்றேன். "மண்வெட்டி வேணாம். முதல்ல வந்து பாரு."

நாணலை விலக்கிக்கொண்டு போனோம். குட்டையைச் சுற்றி நாணல் இன்னும் நெருக்கிக்கொண்டு வந்திருந்தது. வருஷத்துக்கு வருஷம் ஈரமண் விளிம்பு குறைந்துகொண்டே வருவது எனக்குத் தெரியும். உள்ளூரக் கவலைதான். ஆனால் இயற்கை தன் போக்கில் போகட்டும் என்பது எங்கள் பிரிவின் கொள்கை, அதனால் கை வைக்கவில்லை. மிச்சமிருந்த விளிம்பில் குருவிகள் சிறகைத் தூக்கிப் பிடித்தபடி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன.

அவள் குருவிகளைப் பார்க்கவில்லை. குட்டையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, நாணல் வேரைப் பிடித்துக்கொண்டு, விளிம்போரமாக மெல்ல நடந்தாள்.

"என்னங்க, இந்தக் கரை ஏன் இவ்வளவு நேரா இருக்கு?"

"எது?"

"நாலு பக்கமும் நேரா இருக்கு. இங்க பாருங்க, இறங்குறதுக்குப் படி."

காலால் துழாவினேன். சேற்றுக்குள் கல் தட்டியது. அதற்குக் கீழே இன்னொன்று. வீடு கட்டியவர்கள் மண்ணெடுத்த பள்ளம் அது. நான் இத்தனை வருஷம் யாரையும் அண்டவிடாமல் காத்த இயற்கை வளம், மனிதன் வெட்டியது. மனிதன் வெட்டுவதை நிறுத்தியதால்தான் தூர்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு அசடு வழிந்தது. அவள் முழங்கால்வரை சேற்றோடு படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அப்போ சார், இந்தக் குட்டை யாரோட பிரிவு?"

"குழாயைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டோம்," என்றேன். "இங்க சார் கிடையாது."

அவள் கையை நீட்டினாள், தூக்கிவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குருவிகள் இல்லாத பக்கமாக நாணலை வேரோடு பிடுங்கி, அங்கே மட்டும் மண்ணெடுத்தோம். புது ஈர விளிம்பு ஒன்று திறந்தது. மறுநாளே அங்கேயும் குருவிகள் இறங்கின. அவள் காய்ந்த புல்லை நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைத்து, பின்சுவரில் இறவானம்வரை உயர ஒரு பட்டை பூசினாள். கடைசியில் மேலே ஓரமாகக் கட்டைவிரலை அழுத்தி ஓர் அடையாளம் வைத்தாள். பிறகு காத்திருந்தோம். இதற்குள் முன்பக்கத்துக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அலுவலகத்தில் மாட்டினேன். கொத்தனார் சாரக் கம்புகளை முன்பக்கம் அடுக்கிவைத்தார், ஆனால் கட்டவில்லை. பெரிய அதிகாரி பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

அவர் வருவதாகச் சொன்ன காலையில், விடிந்ததும் பின்சுவருக்குப் போனோம். அவள் பூச்சைக் கையால் தடவினாள், விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கொத்தனார் தானும் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவரு பிழைச்சிடுச்சு தங்கச்சி" என்று சொல்லி, முன்சுவருக்காக மிச்ச மண்ணைத் தொட்டியில் நனைத்தார். தூரத்தில் படகுச் சத்தம் கேட்டது. நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

அப்போது ஒரு தகைவிலான் தாழ்ந்து வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தது. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ஒரு வாய் மண்ணை எடுத்துக்கொண்டு எழும்பி, இறவானத்துக்குக் கீழே, புதுப்பூச்சில் ஒட்டியது. கட்டைவிரல் அடையாளத்துக்குப் பக்கத்திலேயே. இரண்டாம் முறை முட்டையிட இடம் பிடிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதை அவளிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. அது மறுபடியும் வந்தது, மறுபடியும் ஒட்டியது. படகு துறையை நெருங்கிவிட்டது.

அவள் அண்ணாந்து பார்த்தபடி, தொட்டியைக் காலால் மெல்லச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

"சார்," என்றாள். "கயிறு எங்க?"

எடுத்து வந்தேன். ஒரு முனையை அவள் வாங்கிக்கொண்டாள். கயிறு நடுவில் நீள, நாங்கள் சுவரோரம் ஆளுக்கொரு பக்கம் நடக்க, தலைக்கு மேலே குருவி மூன்றாவது வாய் மண்ணோடு இறவானத்துக்குள் நுழைந்தது.